மருந்து அட்டையில் எழுதிய பெயர்

தையல் ஃபேக்டரியின் குழந்தைகள் அறையில் ஒரே ஓர் இடம் காலியானது. கேட்டு நின்றவர்கள் பதினோரு தாய்மார். போன தடவை யாருடைய கஷ்டம் பெரிது என்று பேசி முடிவெடுக்கப் போய், ஒருவர் முடியை ஒருவர் பிடிக்காத குறை. அதனால் இந்த முறை சீட்டுக் குலுக்கல் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சீட்டு எழுதுவதும் எடுப்பதும் அந்த அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. அவர் கை சுத்தமான கை என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கை செய்ததைச் சொல்கிறேன், கண்ணுகளா. அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள்.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண். ஒரு வயதுப் பிள்ளையைப் பார்வை மங்கிய மாமனாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். பிள்ளை அடுப்புப் பக்கம் போய்விடாமல் இருக்க, இடுப்பில் துணியைக் கட்டி மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டு வருவாள். ஃபேக்டரியில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட நாளில் அந்த இடுப்புத் தழும்பை ஆயாம்மா பார்த்துவிட்டார். பத்துப் பெயர்களை நோட்டுத் தாளில் எழுதினார். அவள் பெயரை மட்டும் மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த தடித்த அட்டையில் எழுதினார். டப்பாவுக்குள் விரல் போனதும் அட்டை தானாகத் தட்டுப்பட்டது. இடம் அவள் பிள்ளைக்கு.

குலுக்கல் முடிந்த நான்காம் நாள் மதியம் பொத்தான்காரி வந்தாள். பொத்தான் தைக்கிற மெஷினில் இருப்பவள். அவளும் பதினொன்றில் ஒருத்தி.

"என்ன ஆயாம்மா, உங்க கைக்கு என் பேரு கசந்துடுச்சா?"

ஆயாம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தார்.

"சும்மா சொன்னேன். இன்னையோட வேலைய விட்டு நின்னுக்கறேன். பிள்ளைய பாத்துக்கிட்டிருந்த அக்கா வேற ஊருக்குப் போறா."

"கோவமில்லையாம்மா?"

"யார் மேல கோவப்பட? டப்பா மேலயா? மேனேஜர் ஆள் பார்த்து எடுத்திருந்தா அவர் சட்டைல ஒரு பொத்தான் மிஞ்சியிருக்காது! சீட்டுன்னா, நம்ம நேரம்னு போயிடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் ஆயாம்மாவால் தாங்க முடியவில்லை. தழும்பு, கட்டில் கால், அட்டை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டார்.

பொத்தான்காரி கிட்டே வந்தாள். "அப்போ எனக்கு விழுந்திருக்குமா?"

"தெரியலைம்மா. உனக்கோ, மத்தவங்கள்ல ஒருத்திக்கோ. யார் பிள்ளையோட இடத்தை எடுத்தேன்னே தெரியல. மன்னிப்புக் கேக்கக்கூட ஆள் தெரியல."

"அதுக்கு நான் கெடச்சேனா?"

ஆயாம்மா தலைகுனிந்தார். உள்ளே பேக்கிங்காரியின் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தவழ்ந்துகொண்டிருந்தது. பொத்தான்காரி அதையே பார்த்தாள்.

"நான் போய்ச் சொன்னா, இது மறுபடி கட்டில் காலுக்குப் போகும். சொல்லலேன்னா நானும் உங்களோட கூட்டு. இவ்ளோ நேரம் நிம்மதியா இருந்தேன் ஆயாம்மா. உங்க பாரத்த எறக்கி வைக்க என் தலைதானா கெடச்சுது?"

போய்விட்டாள்.

கண்ணுகளா, சொல்லி முடித்த நொடியில் ஆயாம்மாவின் நெஞ்சு லேசானது உண்மை. இப்போது அந்த லேசுதான் அவரைக் கூசவைத்தது. வாசல்வரை ஓடினார். மேனேஜரிடம் நானே சொல்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தார். பின்னாலேயே தவழ்ந்து வந்த பிள்ளை அவர் புடவையைப் பிடித்து எழுந்து நின்றது. ஆயாம்மா வாயை மூடிக்கொண்டார். பொத்தான்காரி திரும்பிப் பார்க்கவில்லை.