முன்னால் கிளம்பிய கூடை

பாலக்கரை ரொட்டிக்கடை வாசலில் செபமாலை ஒரு வாளித் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் தண்ணீரில் விடுவார். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் நல்ல முட்டை, மேலே வந்து மிதந்தால் கெட்டது. அன்று பத்துக்கு ஒன்று மிதந்தது. அவிழ்த்துவிட்ட மாடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த சேவுகன், மிதந்த ஒவ்வொன்றையும் ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் மனைவி அழகம்மாள் நேராகவே பார்த்தாள். முட்டை வியாபாரம் அவளுடையது. இலுப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் முட்டை சேர்ப்பாள். வழியில் ஆவூரிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வாள். உமியும் வைக்கோலும் போட்டுக் கூடையில் அடுக்கித் திருச்சிக்குக் கொண்டுவருவாள். வண்டியும் மாடும் மட்டும்தான் சேவுகனுடையவை.

"முட்டையில குத்தமில்ல அழகம்மா" என்றார் செபமாலை. "நம்ம ஆவூருப் பக்கத்துக் கோழிய எனக்குத் தெரியாதா? விடியக் கெளம்பி, பொழுது சாயிற வரைக்கும் வெயில்லயே வருது. வரும்போதே பாதி அவிஞ்சு போவுது. பட்டாளத்துக்காரன் கேக்குக்கும் பிஸ்கோத்துக்கும் பறக்குறான். எனக்கு இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவ வேணும். பஸ்ஸுல கொண்டா, ரயில்ல கொண்டா. இந்த வண்டியில மட்டும் வேண்டாம் தாயி." பிறகு சேவுகன் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதப்பா" என்றார்.

சேவுகன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றில்தான் எடுத்துக்கொண்டான், அன்று முழுவதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லப் போனால், முட்டையைப் பற்றி அவனுக்குப் பெரிய அக்கறை ஒன்றும் கிடையாது. வண்டிக்குச் சுமையா கிடைக்காது? கடலை மூட்டை இருக்கிறது, செங்கல் இருக்கிறது, எரு இருக்கிறது. ஆனால் கடலை மூட்டை பேசாது. அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம். ஒரே முற்றம், ஒரே அடுப்பு, எண்ணி முடிக்க முடியாத பிள்ளைகள். அங்கே பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேசிவிட்டால் மறுநாள் அது ஊர்ப் பேச்சாகிவிடும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை வண்டி பூட்டி இலுப்பூரைத் தாண்டினால்தான் அழகம்மாள் வாயைத் திறப்பாள். யார் வீட்டுக் கோழி இட்டதை மறந்து அலைகிறது, எந்த மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் முட்டையைக் கொடுத்துச் சீப்பு வாங்கினாள் என்று முப்பது மைலும் சொல்லிக்கொண்டு வருவாள். விராலிமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் கட்டுச்சோறு அவிழ்ப்பார்கள். பதினோரு வருஷமாக அவன் புருஷனாக இருந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான். அதைப் போய் பஸ்ஸில் ஏற்றச் சொல்கிறார் இந்த மனுஷர்.

திரும்பி வரும்போது அழகம்மாள் அதிகம் பேசவில்லை. யோசனையில் இறங்கிவிட்டால் அவள் அப்படித்தான், நிலைக்குத்தின கண்ணோடு கீழுதட்டை இழுத்து இழுத்து விடுவாள். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே விசாரணையைத் தொடங்கிவிட்டாள். யாரோ புதுக்கோட்டைக்குப் போன வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்கே போய்ப் பார்சல் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டு வந்தாள். ரயில் நல்ல ரயில்தான், ஆனால் வடக்கே இருக்கிற திருச்சிக்குப் போகக் கிழக்கே இருக்கிற புதுக்கோட்டைக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் திருச்சிக்குப் பாதி வழி போய்விடலாம் என்று அதைத் தள்ளிவிட்டாள். அடுத்தது இலுப்பூரிலிருந்து கிளம்பும் பஸ். சண்டை வந்த பிறகு பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. கண்டக்டர் கண்ணுசாமியை நிறுத்திவைத்து அவள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு தாசில்தாரே திணறியிருப்பார். கூடையை எங்கே வைப்பாய், மேலேயா உள்ளேயா, மேட்டில் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொல்வாயாமே, அப்போது என் கூடையை யார் பார்ப்பது?

"ஒங்க மடியிலயே வச்சுக்கங்க ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டான் கண்ணுசாமி.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சேவுகனிடம் சொன்னாள்.

"நான் ஒரு பக்கமாப் பேச மாட்டேன் மச்சான். ஒரு கூடை பஸ்ஸுல, ஒரு கூடை ஒங்க வண்டியில. கூடைக்கு நூறு. வர்ற புதங்கெழம காலையில செபமாலை முன்னாடி ரெண்டையும் பிரிப்போம். எது நல்லாப் போய்ச் சேருதோ அதுக்குத்தான் சுமை."

கட்டின புருஷனையும் கண்டக்டரையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள். சேவுகனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப் போவது அவனுக்கு வழக்கம், இப்போதும் அந்தப் பாழாய்ப்போன பூரிப்புதான் வந்தது.

வேலையில் இறங்கினான். அச்சுக்கு வண்டி மை போட்டான். வண்டிக்குள் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினான். வெயில் படாமலிருக்க இரண்டு பக்கமும் ஈரச் சாக்குத் தொங்கவிட ஏற்பாடு செய்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. புறப்பட வேண்டியது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. மற்ற வாரங்களில் ஒரு வாய்ப் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்புவான், சூலத்துக்கு அது போதும். இது அப்படிப்பட்ட பயணமா? பாலை மட்டும் நம்பிப் போக அவனுக்கு மனசு வரவில்லை. பெரிய காரியத்துக்குப் போகிறவர்கள் நல்ல நாளாகப் பார்த்துத் தங்கள் சாமானில் ஒன்றை, போகும் திசையில் இருக்கும் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். சேவுகன் வெள்ளிக்கிழமையே தன் பங்கு நூறு முட்டையைக் கேட்டு வாங்கினான்.

"நானே அடுக்கிக்கிறேன்" என்றான்.

அழகம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வளர்பிறை, நல்ல ஓரை. ஊரின் வடக்குக் கோடியில் இருந்த மூக்காயி வீட்டு மாட்டுக்கொட்டகையில், நிழலான மூலையாகப் பார்த்துக் கூடையை வைத்து, மேலே வைக்கோலைப் பரப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தான். மூக்காயியிடம் கூட, "கூடைய யாரும் தொடாமப் பாத்துக்க" என்று மட்டும்தான் சொன்னான். மனுஷர் யாரும் தொடவில்லை.

செவ்வாய் விடியற்காலை கூடையை எடுக்கப் போனபோது அதன் மேல் மூக்காயியின் செங்கோழி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டியதும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு சுருக்கென்று கொத்தியது. முட்டைக்காரியின் புருஷனுக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? அவனோ, காலையில் கோழி கொத்தினால் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். சகுனக் கணக்கில் பூனை உண்டு, நரி உண்டு, கழுதை கூட உண்டு, கோழி ஞாபகத்துக்கு வரவில்லை. கோழியைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டான். அது பறித்துப் போட்டிருந்த வைக்கோலை மறுபடி கூடை மேல் மூடிக் கட்டி வண்டியில் ஏற்றினான்.

அன்றைக்கு முதல் தடவையாகத் தனியாகப் போனான். அழகம்மாள் மறுநாள் காலை பஸ்ஸில் வருவாள். குழி கண்ட இடத்திலெல்லாம் இறங்கி மாட்டை நடத்தினான், சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தான். ஆவூர்க் கோயில் பக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தான். கூடைதான் இருந்தது. புளியமரத்தடியில் சோற்றை அவிழ்த்தான். மாடுகளிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தான், வலத்து மாடு காதை ஆட்டியது. தோற்றுப்போனால் இனி என்றைக்கும் இப்படித்தான் என்ற நினைப்பு வந்ததும் சோற்றை அப்படியே காக்கைக்கு வைத்துவிட்டு எழுந்தான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழகம்மாள் வந்து சேர்ந்தாள். கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முகமெல்லாம் கரி, கண் மட்டும்தான் வெள்ளை. செபமாலை இரண்டு கூடையையும் வாங்கி வைத்துக்கொண்டார். பஸ் கூடையில் ஏழு உடைந்திருந்தது. சேவுகன் கூடையை நூறு வரைக்கும் எண்ணினார். ஒன்றில் ஒரு கீறல் கூட இல்லை.

"அட!" என்றார் செபமாலை.

சேவுகன் மீசையைத் தடவிக்கொண்டான். அழகம்மாள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அங்கேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! செபமாலை மேலாக இருந்த ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தார். மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு பரவியிருந்தது. நடுவில் ஒரு பொட்டு, துடித்துக்கொண்டிருந்தது. அடுத்ததை உடைத்தார், அதுவும் அப்படியே. அடுப்பறை இருட்டுக்குள் போய் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, பதின்மூன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"ஏம்ப்பா சேவுகா, நான் முட்டைதானே கேட்டேன்?" என்றார்.

அழகம்மாள் கிண்ணத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூடைய எங்க வச்சிருந்தீங்க?"

"மூக்காயி கொட்டாயில."

"எப்ப இருந்து?"

"வெள்ளிக்கெழம."

"எதுக்கு மச்சான்?"

சேவுகன் தரையைப் பார்த்தான். "வடக்க சூலம்ல."

அவ்வளவுதான். அழகம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து கரி முகத்தில் இரண்டு கோடு இறங்கியது. செபமாலைக்கும் தாங்கவில்லை. கடைசியில் சேவுகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மற்ற எண்பத்தேழும் வெள்ளிக்கிழமையிலிருந்து கொட்டகையில் கிடந்தவை, அவற்றிலும் பாதி வாளியில் மிதந்தன. பஸ் கூடையில் உடையாததெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தீர்ப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரும்பும்போது அழகம்மாள் பஸ்ஸுக்குப் போகாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். விராலிமலை தாண்டும் வரை சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நெசமாக் கேக்குறேன் மச்சான். சுமைக்காகவா இம்புட்டும் பண்ணுனீங்க? ஒங்களுக்கு வேற சுமையே கெடைக்காதா?"

"சுமை கெடக்கு."

வண்டி ஒரு பர்லாங்கு போனது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னான்.

"கடலை மூட்டையோட நீ வர மாட்டியே."

அழகம்மாள் வெற்றிலையை மடித்து, முன்னால் கையை நீட்டி அவனிடம் கொடுத்தாள்.

"பஸ்ஸுக்குத்தான் குடுக்கப் போறேன் மச்சான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வேற வழியில்ல. இந்த வெயிலுக்கு வண்டி தாங்காது."

"தெரியும்" என்றான் சேவுகன். நிஜமாகவே தெரிந்திருந்தது. அவன் முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். அதனால் வருத்தம் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து வாரம் இரண்டு தடவை முட்டை பஸ்ஸில் போனது. ஊரிலிருந்து இலுப்பூர் பஸ் நிற்கும் இடம் நாலு மைல். அதுவரைக்கும் கூடைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். முதல் நாள் விடியற்காலையில் இருவரும் போனார்கள். போகும் வழியெல்லாம் பஸ் போய்விடுமோ என்ற பதைப்பு, பேச்சுக்கு இடமில்லை. கூடைகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு அவள் உட்கார, புகையைக் கக்கிக்கொண்டு பஸ் கிளம்பியது. சேவுகன் கடலை மில்லுக்கு இரண்டு நடை அடித்துவிட்டு, மூன்று மணிக்கே திரும்பி வந்து காத்துக் கிடந்தான்.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. கரி முகத்தோடு இறங்கினாள். "நாலே நாலுதான் ஒடஞ்சுச்சு. செபமாலைக்கு வாயெல்லாம் பல்லு" என்றாள். வண்டியில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். வீட்டு வாசனை பட்ட மாடுகள் தாமாகவே ஓட்டம் பிடித்தன. இந்த வேகத்தில் போனால் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிடும், முற்றத்தில் எல்லாரும் இருப்பார்கள் என்று சேவுகன் நினைத்தான். மாட்டை இழுத்துப் பிடிக்க ஒரு காரணம் வேண்டுமே, அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மச்சான்" என்றாள் அழகம்மாள் பின்னாலிருந்து. "இம்புட்டு வெரசா எதுக்கு? மெதுவா ஓட்டுங்க. முட்டை ஒடஞ்சிரும்."

சேவுகன் திரும்பிப் பார்த்தான். கூடைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடந்தன, மேல் கூடையின் அடியில் ஒரு பிடி உமி. அவள் அவனைப் பார்க்காமல், முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றை இழுத்தான். மாடுகள் நடைக்கு வந்தன. பிறகு அந்த நடையும் தளர்ந்தது. மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஓர் ஆட்டு மந்தை பின்னாலிருந்து வந்து, வண்டியின் இரண்டு பக்கமும் பிரிந்து, தூசியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று.