ஆசிரியர் மாறிய மாதம்

சிற்றூர் டாக்டர்களுக்கான அந்த மருத்துவ மாத இதழைப் பல வருடம் நடத்திய டாக்டர் வேதமுத்து, ஆசிரியர் பொறுப்பை டாக்டர் ஹில்டாவிடம் ஒப்படைத்த மறுநாள், அயனம்பாக்கத்து வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். 1985 நவம்பர் இதழ் பூந்தமல்லி அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

“நேத்துதானே மாலை போட்டு அனுப்புனாங்க? எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி சாராள்.

“கடைத்தெரு வரைக்கும்” என்று பொய் சொல்லிவிட்டு பஸ் பிடித்தார்.

அச்சக உரிமையாளர் கோதண்டம் எழுந்து நின்றார். “வா சார். இன்னா இந்த மழைல?”

“முதல் பக்கத்தக் காட்டுங்க.”

கோதண்டம் தயங்கித் தயங்கி புரூஃபை நீட்டினார். வேதமுத்துவின் விடைபெறும் தலையங்கம் அதில் இல்லை. வெள்ளம் வடிந்த ஊர்களில் பரவும் வயிற்றுப்போக்கைப் பற்றிய கட்டுரை இருந்தது. அவருடையது கடைசிப் பக்கத்தில், பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

“மாத்துங்க. என்னோடது முன்னாடி வரணும்.”

“டாக்டரம்மா வந்துகினு கீறாங்க சார். அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேனே.”

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. கோதண்டம் இதற்குமுன் வேறு யாரையும் கேட்டதில்லை.

ஹில்டா நனைந்துகொண்டே உள்ளே வந்தார். புரூஃபைக் கையில் வைத்திருந்தவரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

“டாக்டருங்க இந்த மாசம் முதல்ல படிக்க வேண்டியது அதுதான் சார்.”

“என்னோடத ஏன் வெட்டினீங்க?”

“நீங்க அதுல கிளறியிருந்த பழைய சண்டைய மட்டும்தான் எடுத்தேன்.”

“சரி, மிச்சப் பக்கத்தையாவது பாத்துத் தரேன்.”

“வேணாம் சார். நீங்க பாத்தா திருத்துவீங்க. அப்புறம் கோதண்டம் யார் பேச்சைக் கேப்பாரு?”

வேதமுத்து புரூஃபை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

அந்த வாரம் அவருடைய கிளினிக்குக்கு வயிற்றுப்போக்கோடு குழந்தை மேல் குழந்தையாக வந்தது. கண் குழிந்து, நாக்கு வறண்டு. பார்த்ததையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி, ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ என்று மேலே போட்டுத் தபாலில் சேர்த்தார்.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. ஓரமெல்லாம் ஹில்டாவின் சிவப்பு மை. ‘மூன்றாம் பத்தி தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பினால் ஜனவரியில் போடலாம்.’

“என் எழுத்து தெளிவா இல்லியாம்!” கூடத்தில் மறுபடியும் நடை.

“கிழிச்சுப் போடப் போறீங்களா?” என்றாள் சாராள்.

அவர் நின்று அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார்.

“பேனா எங்க வெச்சே?” என்றார் எரிச்சலோடு.