கோல்பியின் நாய்கள்

டாக்டர் ஜெயலீலா ஆட்டுப் பண்ணையின் வாசலில் மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டின் அலறல் கேட்டது. ஆடு பசிக்குக் கத்துவது எப்படி, பிரசவ வலியில் கத்துவது எப்படி என்று கால்நடை மருத்துவரான அவளுக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. கழுத்து கிழிபடும் சத்தம். கையிலிருந்த நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மேய்ச்சல் வெளிக்குள் நான்கு நாய்கள் புகுந்திருந்தன. பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரன் கோல்பி காட்டுப்பன்றி வேட்டைக்கென்று தீனி போட்டு வளர்த்தவை, ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். மேற்கு மூலையில் வேலி சரிந்து கிடந்த இடத்தில் தாண்டி வந்துவிட்டன. சினை ஆடு ஒன்று குடல் சரிந்தபடி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. இன்னொன்றை இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பக்கம் கவ்வி இழுத்தன. பசிக்குக் கடிக்கிற நாய் ஒன்றைக் கொன்று தின்றுவிட்டுப் போய்விடும். இவை தின்னவில்லை. ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தின.

அந்த மந்தை சும்மா கறிக்கு வளர்த்த மந்தை இல்லை. ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சிக் கொல்லும் ஒரு புழு உண்டு. டெக்ஸஸில் அதற்கு எந்த மருந்தும் இப்போது சரியாகக் கேட்பதில்லை. மருந்தே இல்லாமல் அந்தப் புழுவைத் தாங்கும் ஆடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து ஜெயலீலா உருவாக்கிய மந்தை அது. ஒரு ஆடு செத்தால் இன்னொன்றைச் சந்தையில் வாங்கி விட்டுவிட முடியாது.

அன்றைக்கென்று பார்த்து மாநில சட்டசபைக் குழு மந்தையைப் பார்வையிட வருகிறது. பார்த்துவிட்டு, பணம் கொடுப்பதா, இழுத்து மூடச் சொல்வதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். பண்ணை ஒரு கல்லூரியைச் சேர்ந்தது, கறுப்பினத்தவர் கல்லூரி. மற்றக் கல்லூரிகள் கறுப்பு மாணவர்களுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், அடிமைகளாய் இருந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. விவசாய ஆராய்ச்சிக்கு மத்திய அரசு பணம் தரும். மாநில அரசும் அதே அளவு போடவேண்டும் என்பது விதி. பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாநிலம் கேட்காமலே எடுத்து வைக்கும். இந்தக் கல்லூரியின் முறை வரும்போது மட்டும் கஜானாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மேற்கு வேலியை மாற்றப் பணம் கேட்டு ஜெயலீலா எழுதியதற்கெல்லாம் ‘அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்’ என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாய்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"லெமார்! லெமார்!" என்று கத்தினாள்.

பண்ணை மேலாளர் லெமார் ஏற்கெனவே மண்வெட்டியோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம், இதே கல்லூரியில் படித்தவர். அவருடைய அப்பாவும் இங்கேதான் படித்தார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு நாயின் முதுகில் ஓங்கிப் போட்டார். அது ஆட்டை விட்டுவிட்டு அவருடைய முழங்கையைக் கவ்வியது. உதறினார், சட்டையோடு சதையும் பிய்ந்து வந்தது.

"உங்க ட்ரக்ல ரைஃபிள் இருக்கே! எடுங்க, சுடுங்க!"

"வேண்டாம் டாக்டர். அடிச்சு விரட்டிடலாம்." ஆங்கிலத்தில் மூச்சு வாங்கச் சொன்னார். "கோல்பியோட நாயை நான் சுட்டா, அது நாயோட நிக்காது."

"ஆட்டைக் கடிக்கிற நாயைச் சுடலாம்னு சட்டமே சொல்லுது!"

"சட்டம் எனக்கும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடினார். ஜெயலீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய உருவம், இப்படி ஒரு பயமா என்று நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ட்ரக்கின் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால் இருந்த ரைஃபிளை அவளே எடுத்தாள்.

துப்பாக்கி அவளுக்குப் புதிது இல்லை. நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்த காலத்தில் என்.சி.சி.யில் இருந்தவள், துப்பாக்கி சுடும் போட்டியில் பையன்களை எல்லாம் ஓரம் கட்டிக் கோப்பை வாங்கியவள். அவள் குடியிருக்கும் ரிச்சர்ட்சன் ஊரின் தமிழ்ச் சபையில் யாருக்கும் இது தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது, "அந்தக் காலேஜுக்கா தினமும் அவ்வளவு தூரம் drive பண்ற? அங்க எல்லாம் safe-ஆ?" என்று ஆன்ட்டிகள் கேட்பார்கள். அவர்கள் யாரை நினைத்துக் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரியும். கோல்பியை நினைத்து இல்லை.

முழங்காலை மண்ணில் ஊன்றிக் குறி பார்த்தாள். முதல் நாய் சத்தமே இல்லாமல் விழுந்தது. இரண்டாவது, வாயில் ஆட்டின் காதோடு திரும்பிப் பார்த்தது. நெற்றியில் வாங்கிக்கொண்டு சாய்ந்தது. மூன்றாவது ஓடத் தொடங்கியதால் குறி தப்பி முதுகெலும்பில் பட்டது. பின்னங்கால்கள் செத்துப்போக, முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டு அது வட்டமாக இழுத்து இழுத்து ஊளையிட்டது. நான்காவது, சரிந்த வேலியைத் தாண்டி ஓடிவிட்டது.

ஜெயலீலா ரைஃபிளை ட்ரக்கின் பானட் மேல் வைத்துவிட்டு ஆடுகளிடம் ஓடினாள். கழுத்து நரம்பு அறுந்த ஒரு பெட்டையின் காயத்துக்குள் விரலை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரத்தம் முழங்கை வரை வழிந்தது. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பது தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கோல்பியின் பிக்கப் வண்டி, வேலியின் மிச்சத்தையும் ஏற்றிச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. சிவந்த கழுத்தும் தொப்பையுமாக இறங்கினான். கையில் டயர் கழற்றும் இரும்பு. செத்துக் கிடந்த நாய்களைப் பார்த்தான். ஊளையிடும் நாயைப் பார்த்தான். ட்ரக் மேல் கிடந்த ரைஃபிளையும் அதன் பக்கத்தில் நின்ற லெமாரையும் பார்த்தான். வேறு எதையும் பார்க்கவோ கேட்கவோ அவனுக்குத் தேவை இருக்கவில்லை.

முதல் அடி லெமாரின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஜெயலீலா இருந்த இடம் வரை கேட்டது. லெமார் கையை உயர்த்தவில்லை. "மிஸ்டர் கோல்பி, கேளுங்க, கேளுங்க" என்றுதான் சொன்னார். இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது தலையைக் குறிவைத்து இறங்கியபோதுதான் மண்வெட்டிக் காம்பைக் குறுக்கே கொடுத்தார். இரும்பு தெறித்தது. காம்பின் நுனி கோல்பியின் வாயில் இடித்து, உதடு கிழிந்து, பல்லோடு இரத்தம் கொப்பளித்தது.

சட்டசபைக் குழு வந்து சேர்ந்தது சரியாக அந்த நேரத்தில்தான். முன்னால் வழிகாட்டி வந்த ஷெரிஃப் அலுவலகப் போலீஸ் கார், பின்னால் வெள்ளை வேன். காரிலிருந்து இளவயதுப் போலீஸ்காரன், ஷெரிஃபின் டெபுடி ஒருவன் குதித்தான். வாயில் இரத்தத்தோடு ஒரு வெள்ளைக்காரன், எதிரே மண்வெட்டியோடு ஒரு கறுப்பர். கணக்கு அவனுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"கீழே போடு! கீழே போடு!"

லெமார் மண்வெட்டியைப் போட்டார். உடைந்த தோள் இடம் கொடுத்த மட்டும் கைகளைத் தூக்கினார். டெபுடி அவரைக் காலை வாரி முகம் குப்புறத் தள்ளி, முதுகின் மேல் முழங்காலை ஊன்றி ஏறினான். உடைந்த கையை முறுக்கிப் பின்னால் இழுத்தான். லெமார் போட்ட சத்தத்தில் ஆடுகள் எல்லாம் மிரண்டு மூலையில் போய் ஒடுங்கின.

ஜெயலீலா பெட்டையின் கழுத்தை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். "அவர் சுடல! நான்தான் சுட்டேன்! எல்லாத்தையும் நான்தான் சுட்டேன்!"

"மேடம், தள்ளி நில்லுங்க."

"அவர் கைய உடைச்சது இந்த ஆள்! விலாவுல அடிபட்டிருக்கு! மூச்சு விட முடியல அவரால!"

"மேடம், உங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன். தள்ளி நில்லுங்க."

ஒரு மாலை விருந்தில் புடவை கட்டியவளாக அவளைப் பார்த்திருந்தால் அவன் நம்பாததில் நியாயம் உண்டு. இப்போதோ முழங்கை வரை இரத்தத்தோடு, சேறு படிந்த பூட்ஸோடு, நான் சுட்டேன் என்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள். அவன் காதில் அது ஏறவே இல்லை. இந்தச் சின்ன உருவத்து இந்தியப் பெண்மணி பயத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தான். வேனுக்குள் குழுவினர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

லெமாரின் முகம் மண்ணில் புதைந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கறுத்த முகம் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்காத உயிரை ஜெயலீலா எத்தனையோ தடவை கொட்டகையில் பார்த்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் இந்த மனிதர் செத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ட்ரக்கின் பக்கம் போய் ரைஃபிளை எடுத்து, இன்னமும் ஊளையிட்டுக்கொண்டிருந்த நாயின் தலையில் சுட்டாள்.

ஊளை நின்றது. வேனுக்குள் யாரோ வீறிட்டார்கள். கோல்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டெபுடி லெமாரின் முதுகில் இருந்தபடியே துப்பாக்கியை உருவி அவள் மேல் நீட்டினான். அவன் கண் மிரண்டிருந்தது.

"மேடம்... ப்ளீஸ். அதைக் கீழே வைங்க."

"முதல்ல அவர் மேலிருந்து எழுந்திரு."

"மேடம், ப்ளீஸ்."

"எழுந்திரு!"

எழுந்தான். லெமாரின் தொண்டையிலிருந்து அறுக்கும் சத்தத்தோடு முதல் மூச்சு உள்ளே போனது. ஜெயலீலா ரைஃபிளைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். டெபுடி அவளுக்கு விலங்கு மாட்டவில்லை. காரிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினான். லெமாரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கை ஸ்ட்ரெச்சரோடு விலங்கால் பூட்டப்பட்டிருந்தது. கழுத்தைப் பிடிக்க ஆள் இல்லாமல் அந்தப் பெட்டை எப்போதோ செத்துப்போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவள் கணவர் கிரிஸ் போனில் கத்தினார்.

"உனக்கு என்ன பைத்தியமா லீலா? Cop முன்னாடி gun எடுத்துச் சுட்டிருக்க! அவன் உன்னைச் சுட்டிருந்தா? நம்ம பொண்ணு ஆன்லின் அந்த video-வ school-ல பாத்துட்டு அழுதுக்கிட்டே வந்தா தெரியுமா?"

"சுடலையே கிரிஸ்."

"அது கர்த்தர் கிருபை!"

அவளும் அப்படித்தான் நம்பினாள். பத்திரிகைகள் அவளைத் துணிச்சலான விஞ்ஞானி என்று எழுதின. நாய்களைச் சுட்டது சட்டப்படி சரி என்று அவள் மேல் வழக்கே போடவில்லை. வேனை விட்டு இறங்காத குழுவின் தலைவி தொலைக்காட்சியில் கண் கலங்கி, இந்தப் பெண்ணின் மந்தையைப் பாதுகாக்கவேண்டியது மாநிலத்தின் கடமை என்றார். அத்தனை வருடமாகக் கிடைக்காத வேலிப் பணம் அந்த வாரமே கிடைத்தது. ஆராய்ச்சிக்கு மாநிலம் தரவேண்டிய பங்கும் முழுதாக வரும் என்றார்கள். கோல்பியைத் தாக்கியதாக லெமார் மேல் போட்ட வழக்கு மட்டும் அப்படியே இருந்தது.

ஜெயலீலா செய்தியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். லெமார் தோளில் கட்டோடு, நெஞ்சைச் சுற்றிப் பட்டையோடு படுத்திருந்தார். கைவிலங்கை அகற்றியிருந்தார்கள். வேலி வருகிறது, மந்தை பிழைத்தது, வழக்கில் தானே வந்து சாட்சி சொல்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள்.

"நல்லது டாக்டர்" என்றார் லெமார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன். கையைத் தூக்கினேன். வெறுங்கை. அதுக்கு அப்புறம்தான் அவன் என் மேல ஏறினான். நீங்க அவன் கண்ணு முன்னாடி துப்பாக்கியை எடுத்தீங்க, சுட்டீங்க, கீழே வைக்க மாட்டேன்னு நின்னீங்க. உங்ககிட்ட அவன் என்ன சொன்னான்?"

அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

"ப்ளீஸ்னு சொன்னான்" என்றார் லெமார். "ரெண்டு தடவை. என் உயிரைக் காப்பாத்தினீங்க, அது பொய் இல்ல. ஆனா சுடாதீங்கன்னு நான் சொன்னப்போ, நான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சீங்க. உங்க முகத்துலயே தெரிஞ்சுது. யார் சுட்டாலும் அது யார் தலையில வந்து விழும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொன்னேன்."

"லெமார், நான்..."

"பண்ணைக்கு வேற ஆளைப் பாருங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். லெமார் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளப் பார்த்தார். உடைந்த விலாவோடு அதற்கு வெகு நேரம் ஆனது. உதவிக்கு ஜெயலீலா நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.