கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி

ஜோஷ்வா செவ்வாப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் கீப்பர். ஞாயிறுகளில் ரயில் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர். அங்கே அவர் செய்து வைத்த மாதிரி ரயிலுக்கு இன்று முதல் ஓட்டம். ரயில் நெருங்கியும் குட்டி கேட் இறங்கவில்லை. பதறிப்போய்ப் பொம்மைச் சாலையின் குறுக்கே விரலை வைத்தார்.

மூன்று பெட்டிகளும் கடந்தன. கடைசிப் பெட்டியின் முதுகில் பெருக்கல் குறி இல்லை, வரைய மறந்திருந்தார். நிஜ ரயிலில் அந்தக் குறி இல்லையென்றால் ஏதோ ஒரு பெட்டி கழன்று பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். அவர் சாலையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"மூணு பெட்டியும் வந்துட்ச்சிண்ணா. பொம்ம வண்டிதானே, கைய எடுங்க," என்றாள் இன்னொரு தன்னார்வலரான நர்மதா.

"பொம்மையாவது மண்ணாவது! குறி இல்லாம எப்டிம்மா எடுக்கறது?"

அவள் ரயிலை நிறுத்தி, பேனாவால் குறி போட்டாள். "இப்ப?"

"இன்னொரு ரவுண்டு வரட்டும். கண்ணால பாத்தாதான் கேட்டத் தொறப்பேன்."