நூறு வீதம் ஏற்றிய வண்டி

என் அக்கா கவிசாவின் கணவர் மதிசுதன் அந்த மின்சாரக் காரை வாங்கிய ஒக்டோபர் மாதத்திலிருந்து, ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்திலுள்ள எங்கள் சொந்தக்காரர் எவரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்ததில்லை. அத்தான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் எல்லாரும் வெளியே இறங்கி அதைப் பார்க்க வேண்டும். கதவுப் பிடி தானாக வெளியே வரும். இருக்கை தானாகச் சூடேறும். நாலு சில்லுக்கும் மோட்டார் இழுவை. எடை இரண்டாயிரத்து எழுநூறு கிலோ. அந்த எடையைக்கூட ஏதோ தானே ஊட்டி வளர்த்ததுபோலத்தான் சொல்லுவார்.

அவர் காப்புறுதி விற்கிறவர். வீடு எரியும், குழாய் வெடிக்கும், கால் முறியும் என்று ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் படம் கீறிக் காட்டுவதுதான் தொழில். இதெல்லாம் மற்றவர்களுக்கு மட்டும் நடப்பவை என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

என் பெயர் சாரங்கா. அதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். பதினெட்டு மீற்றர் நீளம், நடுவில் மடியும், அதுவும் மின்சாரம்தான். ஆட்கள் நிறைந்தால் இருபத்தெட்டுத் தொன். அதில் நாலு குளிர்காலம் ஓட்டிவிட்டேன். ஆட்களுக்கு என்னை அறிமுகம் செய்யும்போது அத்தான், "இவ என்ரை மச்சாள், பஸ் ஓட்டுறா," என்று சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்குமளவுக்கு அவரை மதிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

தை மாதத்தில் ஹார்ஸ் மலையில் ஒரு வீட்டை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அத்தான், அக்கா, ஹம்பேர்க்கிலிருந்து வந்த அத்தானின் நண்பர் சில்வெஸ்டர், நான். சில்வெஸ்டர் அண்ணையின் வேலை மிகவும் எளிது. அத்தான் எதைச் சொன்னாலும், "அதுதானே மச்சான்," என்பார். அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணமும் அதுதான்.

"நீயும் வா. இவையள் ரெண்டு பேரோடையும் மூண்டு நாள் தனிய இருக்க எனக்கு ஏலாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலை ஏறினோம். கடைசி ஐந்து கிலோமீற்றர் பனி இறுகிய தெரு. செங்குத்தான இடத்தில் ஒரு சின்னக் கார் சில்லு சுற்றி நின்றுகொண்டிருந்தது. அத்தான் அதைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்து அந்த ஓட்டுநரை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"கண்டியே? ஒரு சில்லுகூட வழுக்கேல்லை."

"ஏறுறதுக்கு மோட்டார் காணும் அத்தான்," என்றேன். "நிக்கிறதுக்கு டயர்தான் வேணும்."

"உது பழைய காலத்துக் கதை. இதிலை எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாக்கும்."

"அதுதானே மச்சான்," என்றார் சில்வெஸ்டர் அண்ணை.

வீடு மலையின் உச்சிக்குக் கிட்ட, ஊரின் கடைசியில் இருந்தது. பைகளை இறக்கும்போது டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். M+S என்ற எழுத்து மட்டும்தான் இருந்தது. மலைக்குள் பனிச்செதில் வரைந்த குளிர்கால டயர் அடையாளம் இல்லை. முன்பு அந்த எழுத்து மட்டும் போதுமாயிருந்தது. இப்போது இந்த நாட்டில் பனித் தெருவில் அது செல்லாது. காப்புறுதி விற்கிறவருக்கு இது தெரியாமலிருக்க முடியாது.

"விண்டர் டயர் போடேல்லையோ?"

"போட்டால் இந்த வடிவான ரிம்மைக் கழட்டவேணும். இது நாலு காலத்துக்கும் காணும்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்த மனிதருக்கு ஒருமுறை நன்றாகச் சறுக்கினால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். நினைத்தபோது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை வெளியே மைனஸ் பதினொன்று. அத்தான் வீட்டுச் சுவரிலிருந்த மின்னேற்றும் பெட்டியில் இரவு முழுவதும் காரைச் செருகி விட்டிருந்தார். பாண் சாப்பிடும்போது தொலைபேசியை எல்லாருக்கும் காட்டினார்.

"நூறு வீதம்!"

"மலைக்கு மேலை நிண்டு நூறு வீதம் ஏத்தக்கூடாது அத்தான். இறங்கேக்கை இழுத்துப் பிடிக்காது."

"பஸ்ஸுக்கு அப்பிடி இருக்கும்."

"தொட்டி நிறைஞ்சால் நல்லதுதானே," என்றார் சில்வெஸ்டர் அண்ணை.

நான் சொன்னதில் புதுமை ஒன்றுமில்லை. அந்தக் காரில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைப் பற்றறிக்குள் தள்ளும். பற்றறி நிரம்பியிருந்தால் தள்ள இடமில்லை. குளிரில் விறைத்திருந்தாலும் அது வாங்காது. வாங்காவிட்டால் இழுத்துப் பிடிப்பதும் இல்லை. எண்பதில் நிறுத்தி, புறப்படுவதற்கு முன் பற்றறியைச் சூடாக்கி, இறங்கும்போது ஆரம்பத்திலிருந்தே மெதுவாகப் போனால் ஒரு தொல்லையும் வராது. எங்கள் பஸ் டிப்போவில் இதை முதல் நாளே சொல்லித் தருவார்கள். இவ்வளவையும் எடுத்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாணுக்குப் பட்டர் பூசினேன்.

கீழே நகரத்தில் சாமான் வாங்கப் புறப்பட்டோம். திரையைப் பார்த்து நான் வியக்க வேண்டும் என்பதற்காக அத்தான் என்னை முன்னால் இருத்தினார். அக்காவும் சில்வெஸ்டர் அண்ணையும் பின்னால். கார் உயிர்பெற்றதும் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது: இழுத்துப் பிடிக்கும் சக்தி இப்போது குறைவு. அத்தான் அதை இலையான் கலைப்பதுபோல விரலால் தட்டிவிட்டார்.

முதல் வளைவில் வெயில் விழுந்திருந்தது, பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு காடு. நிழலில் தெரு வெள்ளையாக மினுங்கியது. நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்த அத்தான், கீழே வலப்பக்க வளைவைக் கண்டதும் காலை எடுத்தார். நாலு மாதமாக அவர் பிரேக்கை அநேகமாக மிதித்ததே இல்லை. காலை எடுத்தால் கார் நிற்கும். அன்றைக்குக் கார் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்தது.

"என்ன இது? என்ன இது?"

பிரேக்கில் ஏறி மிதித்தார். கீழே கடகடவென்று அதிர்ந்தது. இரண்டேமுக்கால் தொன்னும் நேரே போனது. அவர் திருப்பினார்; திருப்பியதை டயர் சட்டைசெய்யவில்லை. வளைவின் இடப்பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்கு அப்பால் மர நுனிகள் மட்டும்தான் தெரிந்தன. எதிர்த் தடத்தில் செம்மஞ்சள் விளக்கு சுழல, பனி வழிக்கும் லொறி ஒன்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"பிரேக்கை விடுங்கோ அத்தான்! விட்டிட்டு வலப்பக்கம் திருப்புங்கோ, பனிக்குள்ளை விடுங்கோ!"

"விட்டால் எப்பிடி நிக்கும்? விசரியே!"

"மதி! அவள் சொல்லுறதைச் செய்யுங்கோ!" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

அவர் கேட்டுத்தான் விட்டாரா, கால் நடுங்கித்தான் விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிர்வு நின்றது. நான் குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்தேன். சில்லு ஏதோ கொஞ்சம் கடித்தது. மலைப் பக்கத்தில் வழித்துக் குவித்திருந்த பனி மதிலுக்குள் கார் தோளைக் கொடுத்து, உரசி, உழுதுகொண்டே போய் நின்றது. பக்கக் கண்ணாடி பிய்ந்து போனது. லொறி எங்களுக்குக் கீழே பத்து மீற்றரில் நின்றிருந்தது.

முதலில் வாய் திறந்தவர் அத்தான்.

"என்ரை காரை இடிச்சுப் போட்டாய்."

"அதுதா..." என்று தொடங்கிய சில்வெஸ்டர் அண்ணை, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

லொறியிலிருந்து இறங்கி வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன்காரி. யாருக்காவது காயமா என்று கேட்டார். இல்லையென்றதும் குந்தி இருந்து, கையுறையால் டயரைத் துடைத்துப் பார்த்தார். கார் பிரேக் பிடிக்கவில்லை, உற்பத்தியில் ஏதோ கோளாறு என்று அத்தான் நல்ல ஜெர்மனில் விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா முழுவதையும் கேட்கவில்லை.

"இந்த டயரோடு நான் என் குப்பைத் தொட்டியைக்கூட மலையில் உருட்ட மாட்டேன்," என்றார். "வளைவில் இப்படியே விட்டால் அடுத்தவன் வந்து மோதுவான். இழுவை வண்டி வர இரண்டு மணித்தியாலம் ஆகும். நான் மேலே திருப்பிக்கொண்டு வருகிறேன். உப்பும் சரளையும் போட்டுக்கொண்டு முன்னால் இறங்குகிறேன். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள். ஆனால் இவர் ஓட்டக்கூடாது."

"சாரங்கா ஓட்டட்டும்," என்றாள் அக்கா.

"என்ரை இன்சூரன்ஸிலை அவளின்ரை பெயர் இல்லை," என்றார் அத்தான். காரின் ஒரு பக்கம் முழுவதும் பனிக்குள் இருந்தது. டயர் சட்டத்துக்கே செல்லாது. அவருக்கு நினைவுக்கு வந்தது காப்புறுதிப் பத்திரம்.

"இறங்குங்கோ மதி."

அந்தக் குரலை நான் அக்காவிடம் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தானும் கேட்டிருக்க மாட்டார். இறங்கினார். அந்தக் காருக்குச் சாவியும் கிடையாது, தொலைபேசிதான். அதைக் குழந்தையைக் கையளிப்பதுபோல என் கையில் தந்துவிட்டுப் பின்னால் போய் ஏறினார்.

லொறி திரும்பி வந்து முன்னால் போனது. நான் காரைப் பனி மதிலிலிருந்து மெல்லப் பின்னுக்கு எடுத்து, நடந்து போகிற வேகத்தில் தொடங்கினேன். மலையில் இறங்கும்போது வேகத்தைப் பிறகு குறைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. முதலிலேயே எடுக்காமல் இருக்க வேண்டும். நேரான இடத்தில் பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு, வளைவு தொடங்குமுன் விட்டேன். வளைவுக்குள் திருப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவ்வளவு எடையும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. நாலு கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. பின்னாலிருந்து அத்தான் இரண்டு தடவை, "கொஞ்சம் கெதியாப் போகலாம்," என்றார். ஒருவரும் அதுதானே என்று சொல்லவில்லை.

கீழே கடையின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கினேன். அத்தான் காணாதபடி தள்ளுவண்டிகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"டயர் பிழை எண்டு உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்று."

"சார்ஜ் ஏத்தினது பிழை எண்டு?"

"அதைச் சொன்னனான்தானே. அவர் கேக்கேல்லை."

"அவர் ஆற்றை சொல்லைத்தான் கேட்டவர்? எனக்கு ஏன் சொல்லேல்லை? பின்னாலை இருந்தது நான்."

என்னிடம் நிறையப் பதில் இருந்தது. அவர் ஓட்டுநர், அவர் வண்டி, அவர் பொறுப்பு. அக்காவின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"அவர் ஒருக்கா சறுக்கவேணும் எண்டு நினைச்சன்," என்றேன். "சின்னனாத்தான்."

அக்கா என்னையும், தூரத்தில் உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்," என்றாள். பிறகு தள்ளுவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

என்னைப் பற்றி அதைவிடக் கேவலமாக எவரும் எதுவும் சொன்னதில்லை.

காரை அங்கேயே ஒரு டயர் கடையில் விட்டோம். அத்தான் எதிர்க்கவில்லை, அக்கா அவரைக் கேட்கவும் இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு கெல்சென்கிர்ச்சனில் எங்கள் மாமா ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் வட்டமாக இருந்தார்கள். அத்தான் நடுவில் இருந்தார்.

"உந்த நேரத்திலை பதறக்கூடாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஆறுதலாப் பிரேக்கை விட்டன். வடிவாக் கணக்குப் பாத்துப் பனிக்குள்ளை இறக்கினன். மச்சாள் பாவம், பக்கத்திலை இருந்து கத்து கத்தெண்டு கத்தினவ. பஸ்தானே பழக்கம்."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும், வசனம் எல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் எதிர்ச் சோபாவிலிருந்து அக்கா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பிடி நடக்கேல்லை மாமா. இவர் பிழையான டயரோடை மலைக்குக் கொண்டுபோனவர். பிரேக்கிலை ஏறி நிண்டவர். காரைத் திருப்பினது சாரங்கா. டயரை முதல்நாளே கண்டும் எனக்குச் சொல்லாமல் விட்டதும் சாரங்காதான். நான் ஒண்டும் கேக்காமல் ஏறி இருந்தனான். அதுதான் நடந்தது."

அத்தான் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

அக்காவிடம் ஒன்பது வருடமாக ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அத்தான் பக்கத்தில் இருந்து பயந்து பயந்து மூச்சு வாங்குவார் என்பதால் ஓட்டுவதை விட்டிருந்தாள். மாசி மாதத்தில் அவள், வழுக்கும் தளத்தில் கார் ஓட்டப் பழக்குகிற ஒரு நாள் பயிற்சிக்குத் தானே பதிந்துகொண்டாள். அத்தானைக் கூப்பிட்டிருக்கிறாள், அவருக்கு அன்றைக்கு யாரையோ சந்திக்க ஒரு டெர்மின் இருந்ததாம்.

"நான் வரட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நீ பக்கத்திலை இருந்தால் எனக்குக் கை ஓடாது. பின்னேரம் எடுத்துச் சொல்லுறன்."

பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். தண்ணீர் ஓடும் தளத்தில் கார் மூன்று தடவை சுழன்றதாம். நாலாவது தடவை சுழலவில்லையாம். எத்தனையில் போனாய், பிரேக்கை எப்போது விட்டாய், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாய் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அந்த முக்கால் மணித்தியாலமும் அத்தானின் பெயர் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை.