ஓலைக்குச் சத்தம் கொடுத்த பெட்டி

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் பரிசுத்த தோமா கோயிலில், கல்யாண ஓலை வாசிக்கும்போதெல்லாம் ஆர்மோனியப் பெட்டி ஆள் தொடாமலே ஒரு சத்தம் கொடுத்தது. முதல் தடவை கொடுத்தது அறுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம். ரேஷன் கடையில் அரிசிக்கு ஜனங்கள் வரிசை கட்டி நின்றதும் அப்போதுதான். அரிசி கிடைக்காமல் போனதையும் பெட்டி பேசியதையும் அந்தப் பக்கத்தார் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

பெட்டி என்றால் மடியில் வைத்து வாசிக்கிற சின்னப் பெட்டி இல்லை. வெள்ளைக்காரப் பாதிரிமார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய, பீரோ உயரத்துக்கு நிற்கும் பெட்டி. கீழே இரண்டு மிதி. மிதித்தால்தான் உள்ளே காற்று ஏறும், காற்று ஏறினால்தான் வாய் திறக்கும். ஓலை என்றாலும் பனை ஓலை இல்லை, காகிதம்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று பாதிரியார் மூன்று ஞாயிறு சபைக்கு முன் வாசிப்பார். வாசித்து முடித்து, இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு குழந்தை இருமும், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தச் சும்மா நின்ற நேரத்தில்தான் பெட்டி, நடுவில் தந்தத் தகடு பெயர்ந்து பல் போனது போல இருக்கும் அந்த ஒரு கட்டையிலிருந்து, நீளமாக ஒரு சத்தம் கொடுத்து அடங்கியது.

பெட்டி வாசிப்பவர் தாவீது. மற்ற நாளெல்லாம் பொன்னேரியில் ஒரு அரிசி ஆலையில் எடை போடுகிற வேலை. தட்டில் எவன் கட்டைவிரலை வைக்கிறான் என்று பார்த்துப் பார்த்து, எதையும் சந்தேகமாகவே பார்க்கப் பழகிவிட்ட கண் அவருக்கு. ஆனால் அன்றைக்கு எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். அவரோ கையை மடியில் வைத்து, காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே சூளூர்ப்பேட்டையிலிருந்து ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கி, மாப்பிள்ளை தன் புருஷன் என்றாள். கல்யாணம் நின்றது. பெட்டிக்குத் தீர்க்கதரிசி என்று பெயர் வந்தது.

அதன் பிறகு யாருடைய ஓலை வாசித்தாலும் பெட்டி சத்தம் கொடுத்தது. சத்தம் வந்தால் சபை விசாரிக்கும். விசாரித்தால் ஏதாவது கிடைக்காமல் போகுமா? ஒருவனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருந்தது. ஒருத்தியின் அத்தை யாரோடோ ஓடிப்போயிருந்தாள். பாடகர் குழுவில் பாடும் டீச்சர் மணியம்மாளுக்குப் பார்த்த கம்பவுண்டர் எசேக்கியேல், வயதில் ஐந்தைக் குறைத்துச் சொல்லி, முடிக்கு மையும் பூசியிருந்தார். அந்தக் கல்யாணமும் நின்றது. மணியம்மாள் அடுத்த ஞாயிறு வழக்கமான இடத்தில் நின்று வழக்கமாகப் பாடினாள். ஆனால் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்கிற பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

தாவீதையும் விடவில்லை. உபதேசியார் தானியேல், அதாவது பாதிரியாருக்கு அடுத்தபடியாக ஜெபம் நடத்துகிறவர், ஒருமுறை மிதி மேல் சுண்ணாம்புப் பொடி தூவிவைத்துக் கால் தடம் பார்த்தார். தடமில்லை. சத்தம் வந்தது. இன்னொருமுறை தாவீதைக் கூட்டிப்போய் வாசல் பக்கம் நிறுத்தினார். அப்போதும் வந்தது. ஆசாரியை அழைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே காய்ந்த பல்லி ஒன்றும் சட்டைப் பொத்தான் ஒன்றும் இருந்தன. பொத்தான் யாருடையது என்று இரண்டு வாரம் விசாரணை நடந்தது. ஆசீர்வாதம் ஐயர் (அந்தச் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்) மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். ஈரக் காற்றினால் இருக்கலாம் என்று பதில் வந்தது. மெல்ல மெல்ல ஜனங்கள் கல்யாணத்துக்கு வேறு வழி பார்த்தார்கள். சிலர் கத்தோலிக்கரின் மாதா கோயிலுக்குப் போனார்கள். சிலர் திருவள்ளூர் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார்கள். தோமா கோயிலில் கல்யாணப் பாட்டு கேட்டு வருஷக்கணக்காயிற்று. நெல் வயல்களில் கம்பி வேலி வந்தது, வேலிக்குள் கம்பெனி வந்தது, களை எடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். கோயிலில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது, இவர் என்ன மறைக்கிறார் என்றே பார்த்தார்கள்.

எழுபத்தொன்றில் தாவீதின் மகள் சலோமிக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் பாக்கியராஜ், கம்பெனியில் லேத்து ஓட்டுகிறவன். சலோமியும் அங்கேதான் மருந்து பாட்டில் கட்டும் வேலை செய்தாள். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடலாம் என்று தாவீது கெஞ்சிப் பார்த்தார்.

"நான் இன்னா திருட்டுக் கல்யாணமா பண்ணிக்கிறேன்? என் ஓலை நம்ம கோயில்லதான் வாசிக்கணும் நைனா. நீதான் பொட்டி வாசிக்கணும்" என்றாள் சலோமி.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். சத்தம் வந்தது. இரண்டாம் ஞாயிறும் வந்தது. தானியேல் தாவீதை வாசலில் மடக்கினார். "அண்ணே, உன் ஊட்டுக் கல்யாணம்னு சும்மா உட முடியாது. ஊரான் ஊட்டுப் பொண்ணுங்களுக்கு எல்லாம் தோண்டித் தோண்டிப் பாத்தோம் இல்ல? அடுத்த ஞாயித்துக்கெழம நீயே எழுந்து சொல்லணும், பையன் கிட்ட இன்னா கோளாறுன்னு. இல்லாங்காட்டி ஓலை செல்லாது."

செல்லாது என்றால் கல்யாணம் கிடையாது. ஆனால் தானியேல் சொல்வதற்கு முன்பே தாவீதின் மனதில் அது ஊறிக்கொண்டிருந்தது. பாக்கியராஜ் எப்போதும் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். காபி குடிக்கும்போதும் எடுக்கவில்லை. சனிக்கிழமை தோறும் ஷிப்டு முடிந்ததும் திருவள்ளூர் பஸ் ஏறினான். அங்கே அவனுக்கு ஒட்டு உறவு யாரும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை தாவீது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தார். திருவள்ளூரில் இறங்கிய பையன் நேரே வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் போனான். படியில் குந்தி, பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். வெல்லம். அதைத் தண்ணீரில் கரைத்து, இடது கையை முங்க வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். மருவும் தேமலும் போக அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தோமா கோயில் மாப்பிள்ளை பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு கரைக்கிறான் என்பதைத்தான் தாவீதால் பொறுக்க முடியவில்லை. இதை மட்டும் சபையில் சொன்னால் போதும், முடிந்தது கதை.

வீட்டுக்கு வந்து கத்தினார். சலோமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வெல்லம் நான்தான் வாங்கிக் குட்த்தேன் நைனா. அவருக்கு மோதர வெரல் பூரா மரு. மோதரம் எறங்காதுன்னு அழுவாத கொறையா சொன்னாரு. கம்பெனில ஒருத்தரு கரைச்சா போவும்னாரு, போவட்டுமேன்னேன்."

"பெருமாள் கொளத்துலயா?"

"வெல்லத்துக்கு இன்னா தெரியும், எந்தக் கொளம்னு?"

உள்ளேயிருந்து தாவீதின் பெண்சாதி ஆரோக்கியமேரி சிரித்தாள். அவள் மாதா கோயிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். "ஏன்யா, நம்ம கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு எங்கம்மா மாதாவுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்கினாங்களே. உன் தலையத்தானே மழிச்சாங்க? அத்தப் போய் உங்க ஐயர் கிட்ட சொன்னியா நீ? பொடுகுன்னு சொன்ன!"

தாவீது தலையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் சந்தேகம் பிடித்த மனசு அவ்வளவு லேசில் விடுமா. சொன்னால் மகள் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் ஆண்டவர் முன்னால் மறைத்தவனாவேன் என்று இரவெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டார்.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. மாதா கோயில்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஆசீர்வாதம் ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். சும்மா நின்றார். பல் போன கட்டையிலிருந்து சத்தம் புறப்பட்டது, வழக்கத்தைவிட நீளமாக.

"பொட்டி சொல்லிடிச்சி. இப்ப நீ சொல்லுண்ணே" என்றார் தானியேல்.

தாவீது எழுந்தார். முன் வரிசையில் பாக்கியராஜ் சபையார் முன்னால் முதல் தடவையாக இடது கையைப் பையிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து முழங்கால் மேல் வைத்திருந்தான். தாவீது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து சலோமி எழுந்து நின்று, பெட்டி கொடுத்த அதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். தோமா கோயிலில் யாரும் பாடி வருஷக்கணக்கான கல்யாணப் பாட்டு. முதல் அடியைத் தனியாகத்தான் பாடினாள். இரண்டாம் அடிக்கு மணியம்மாள் சேர்ந்தாள், முகத்துக்கு முன்னாலிருந்த புத்தகத்தை இறக்கிவிட்டு. தாவீது பெஞ்சில் உட்கார்ந்தார். கை தானாகக் கட்டைக்குப் போயிற்று. முதல் விரல் விழுந்த இடம் பல் போன கட்டை.

எந்தப் பாட்டுக்கும் முன்னால், சபையார் பிடித்துக்கொள்வதற்காக ஒரு கட்டையை அழுத்திச் சுருதி கொடுப்பது அவர் வழக்கம். கல்யாணப் பாட்டுக்கு எந்தக் கட்டை என்று அவர் யோசித்ததே கிடையாது, விரலுக்குத் தெரியும். அத்தனை வருஷமும் பெட்டி கொடுத்தது சுருதி. ஓலை வாசித்தாகிவிட்டது, பாடுங்கள் என்று கொடுத்தது. தடை உண்டா என்று கேட்ட கேள்விக்குப் பின்னால் வந்ததால் எல்லோரும் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார்கள். சூளூர்ப்பேட்டைக்காரியையும் அவள் புருஷனையும் பெட்டிக்குத் தெரியாது. அதற்குப் பாட்டுதான் தெரியும்.

அன்றைக்குப் பாட்டு முடிந்தபோது தானியேல் மட்டும் பாடாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தது மணியம்மாளை. பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய், குனிந்து, தான் எப்போதோ தூவிய சுண்ணாம்புப் பொடி மிதி இடுக்கில் ஒட்டியிருந்ததைத் தன் மேல்துண்டால் துடைத்தார். ஐயர் ஓலையை மடித்து வேத புத்தகத்துக்குள் வைத்தார். கல்யாணத்தன்று மருவெல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. மோதிரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

அதிலிருந்து தோமா கோயிலில் ஓலை வாசித்தால் பெட்டி சுருதி கொடுக்கும், சபை எழுந்து ஒரு பாட்டுப் பாடும். அதுதான் முறை என்று ஆகிவிட்டது. புதிதாக வந்த ஐயர்மாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எழுபத்து நாலில், நல்ல மழைக்காலத்தில், மணியம்மாள் டீச்சருக்கும் கம்பவுண்டர் எசேக்கியேலுக்கும் ஓலை வாசித்தார்கள். வயதைக் குறைத்துச் சொல்ல இந்தமுறை அவர் தலையில் மை பூச முடியே இல்லை. வாசித்து முடித்து ஐயர் நின்றார். பெட்டியிலிருந்து சத்தமில்லை. தாவீது கையை மடியில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். மழைக் காற்றில் உள்ளே துருத்தித் தோல் ஊறியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரும் அவசரப்படவில்லை. எல்லோரும் எழுந்து தயாராக நின்றுகொண்டார்கள்.

"இன்னா, தூங்கிட்டியா?" என்றாள் மணியம்மாள், பாடகர் வரிசையில் நின்றபடியே.

பெட்டி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சுருதி கொடுத்தது.