பலித்துப்போன மனு

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு மனுவாவது பலித்திருந்தால், எடிட்டர் இந்த மனுவை எழுதும்போது கொஞ்சம் யோசித்திருப்பார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

எடிட்டர் என்றதும் பெரிய பத்திரிகை, கண்ணாடி அறை, கார் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்த பழக்கம் இது: ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு பக்கத்தில் ஒரு தாள். நகரம் முடிகிற இடத்தில் இருந்த அந்தக் குடியிருப்பின் ஆறு தெருக்களுக்கும், இருநூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் அதுதான் செய்தி. எந்தக் கிழமை தண்ணீர் வராது, யார் வீட்டுப் பூனை காணோம், எந்த மாடி வாடகைக்கு, யார் காலமானார் என்று எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் பக்கம் முழுக்கக் குடியிருப்போர் குறைகள். அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுவார்கள். தன் குறை வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வந்திருந்தால் திருப்தியாக மடித்து வைத்துவிடுவார்கள். குறை தீர்ந்ததா என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

மனுவுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். குறை உள்ளவர் எடிட்டரிடம் வந்து சொல்வார். எடிட்டர் அதை அழகாக மனுவாக எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் ஓர் அட்டையில் கவ்வப்பட்டு, முனைக் கடையில் பால் வாங்குகிற இடத்தில் பேனாவோடு தொங்கும். வீட்டு நம்பரோடு நாற்பது கையெழுத்து சேர்ந்ததும் ஒரு பிரதி நகராட்சி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி மூன்றாம் பக்கத்துக்கு. கையெழுத்துப் போடுகிறவர்கள் படிக்கமாட்டார்கள். என் மனுவுக்கு நீ போடு, உன் மனுவுக்கு நான் போடுகிறேன் என்கிற ஏற்பாட்டில் படிக்க என்ன இருக்கிறது? ஒரு கையில் பால், இன்னொரு கையில் பேனா. எடிட்டரும் நாற்பது வந்துவிட்டதா என்று எண்ணுவாரே ஒழிய யார் யார் என்று பார்த்ததில்லை. அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார்கள். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல்தான்.

சாக்கடை மூடிக்கு ஏழு மனு. தெருவிளக்குக்குப் பதினொன்று. ஆரம்பத்தில் எடிட்டருக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் கொதிப்பு அடங்கி, அலுப்பு வந்து, அந்த அலுப்பே பழகிப்போய்விட்டது. எதுவும் நடக்காது என்று தெரிந்த பிறகு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள், என்ன வேண்டுமானாலும் எழுதலாம்! மனுக்கள் வருஷத்துக்கு வருஷம் காரசாரமாகிக்கொண்டே போயின.

இப்படி இருக்கையில்தான் மேனேஜர் வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், திருப்பத்தில் இருக்கும் மாடி வீட்டுக்காரர். தாள் அச்சாவது அவர் வீட்டுப் பிரிண்டரில்தான், அதனால் அவர் பேச்சைத் தட்டுவது கஷ்டம்.

"எடிட்டர் சார், இந்த மினி பஸ்ஸு உயிரை வாங்குது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் எங்க ஷோகேஸ்ல கண்ணாடி எல்லாம் ஆடுது. ஒரு மனு போட்டுடுங்க, உள்தெருவுக்குள்ள பஸ்ஸே வரக் கூடாது."

எடிட்டர் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த மினி பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை குடியிருப்புக்குள் வந்து போகும். அதில்தான் அவர் மனைவி செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷமாகிறது. காலை ஏழே காலுக்கு டிரைவர் அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்துவார், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். போகும்போதும் தனியாகத்தான், வரும்போதும் தனியாகத்தான். எடிட்டர் கூட வருகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா நான் நோயாளி ஆயிடுவேன்," என்பாள். "பஸ்ஸுல ஏறி உக்காந்தா நானும் நாலு பேர் மாதிரி எங்கேயோ போயிட்டு வர்றவ. அதுவாவது இருக்கட்டுமேங்க."

உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் அந்த ஒரு வீம்பில்தான் அவள் வைத்திருந்தாள். அது எடிட்டருக்குத் தெரியும். தெரிந்தும் மேனேஜரிடம் முடியாது என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் வாக்குவாதம், பிரிண்டர், மனஸ்தாபம். எதற்கு? விளக்குக்குப் பதினொரு மனு போட்டு ஒரு பல்பு வரவில்லை, இதற்கா வந்துவிடப் போகிறார்கள்? ஆளை விட்டால் போதும் என்று எழுதினார். எழுத உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? 'இக்குறுகிய தெருவில் எமன் நாள்தோறும் நான்கு முறை வந்து போகிறான்' என்று ஒரு வரி விழுந்தது. நன்றாக இருக்கிறதே என்று அடியில் கோடும் போட்டார். பாவி மனுஷன்.

மனு கொடுத்த பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. அவர் மனைவி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஏழே கால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. பஸ் வரவில்லை. எடிட்டர் தெரு முனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடியிருப்போர் விடுத்த கோரிக்கையை ஏற்று, உள்தெரு பேருந்துச் சேவை இன்று முதல் நிறுத்தப்படுகிறது. பயணிகள் பிரதான சாலை நிறுத்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும்.

பதினொரு மனுவுக்கு அசையாத அந்தக் கம்பத்திலேயே ஒட்டியிருந்தார்கள், மேலே விளக்கு அப்போதும் எரியவில்லை.

"ஏதோ ரூட்டை மாத்திட்டாங்களாம்மா," என்றார் திரும்பி வந்து. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஓ," என்றாள் அவள். வேறெதுவும் கேட்கவில்லை. டாக்சி பிடித்து அனுப்பி வைத்தார்.

பத்து மணிக்கு மேனேஜர் இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டார். "சாதிச்சிட்டீங்க சார்! இருபத்திரண்டு வருஷத்துல முதல் வெற்றி! இந்த வாரம் முதல் பக்கத்துலயே பெரிசாப் போடணும்." எடிட்டர் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தார். அவர் போனதும் பெட்டியைப் பழைய தாள் கட்டுகளுக்குப் பின்னால் செருகி மறைத்தார்.

மத்தியானம் ஒன்றரைக்கு வரவேண்டியவள் மூன்றாகியும் வரவில்லை. எடிட்டர் கதவைத் திறந்தால், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். திரும்ப டாக்சி எதற்கு, வாரத்துக்கு மூன்று நாள் டாக்சி என்றால் பென்ஷன் என்னத்துக்கு ஆகும் என்று பிரதான சாலை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறாள். நல்ல உடம்புக்கு இருபது நிமிஷ நடை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய உடம்புக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. அழைப்பு மணி கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. அதை அழுத்த எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமாம்மா இங்க உக்காந்திருக்கே?"

"இப்பதாங்க. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

அன்றைக்கு எடிட்டர் சாப்பிடவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவன்கூடத் தன் தலையோடு விட்டுவிடுவான், இவர் அவள் தலையில் அல்லவா போட்டிருக்கிறார்! சொல்லிவிடலாமா என்று நாலு தடவை வாயெடுத்தார். நாலு தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை பஸ்ஸைத் திரும்பக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தார். என்ன கொடுமை பாருங்கள், கை ஓடவில்லை. ஷோகேஸ் கண்ணாடிக்கெல்லாம் எமனைக் கூப்பிட்டவருக்கு, பெண்டாட்டிக்கு எழுத ஒரு வார்த்தை மிச்சமில்லை. எதை எழுதினாலும் ஏற்கெனவே சாக்கடை மூடிக்கு எழுதியது மாதிரி இருந்தது. கடைசியில் நோயாளிகள், முதியோர், பள்ளிக் குழந்தைகள் நலன் கருதி பேருந்தை மீண்டும் இயக்க வேண்டுகிறோம் என்று மொட்டையாக நாலு வரி எழுதி, முனைக் கடைக்காரரிடம் கொடுத்தார். திங்கட்கிழமை காலைக்குள் நாற்பது சேர்ந்துவிட்டது. அதற்குள் ஒரு சனிக்கிழமை வந்து, போக வர டாக்சியில் போயிற்று.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகம். மனுப் பிரிவு கிளார்க் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும்.

"உட்காருங்க சார்," என்றாள்.

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் உட்காரச் சொன்னதே கிடையாது.

"உங்க லெட்டர் ரொம்ப உதவியா இருந்துச்சு சார். உள்தெரு பஸ்ஸையெல்லாம் குறைக்கணும்னு மேல இருந்து ஒரு வருஷமா சொல்லிட்டே இருக்காங்க. ஜனங்க சண்டைக்கு வருவாங்களேன்னு நாங்கதான் கை வைக்கல. ஜனங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா என்ன பண்றது? அந்த எமன் வரியை எங்க ஆபீசர் சத்தமாப் படிச்சுக் காட்டினார்."

எடிட்டர் புது மனுவை நீட்டினார். அவள் படித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து பழைய மனுவை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் விரலை ஓட்டினாள்.

"என்ன சார் இது? அதே ஆளுங்க. போன மாசம் பஸ் வேண்டாம், இந்த மாசம் பஸ் வேணும். அந்த மனுவைக் குடுத்த மேனேஜரே இதுலயும் போட்டிருக்கார் பாருங்க."

"படிச்சிருக்க மாட்டாரும்மா. எங்க பக்கம் யாரும் படிச்சுட்டுப் போடறதில்ல."

"அதை நான் எப்படி சார் ஃபைல்ல எழுதுவேன்?" அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஒரே ஆளுங்க ரெண்டு பக்கமும் போட்டா ரெண்டாவது மனு நிக்காது. பஸ்ஸையும் வேற ரூட்டுக்குக் குடுத்தாச்சு. அடுத்த வருஷம் ரூட்டெல்லாம் திரும்பப் பார்ப்பாங்க, அப்ப வாங்க."

"என் வீட்டம்மாவுக்கு டயாலிசிஸும்மா. அந்த பஸ்ஸுலதான் போயிட்டு வந்தா. நான் யோசிக்காம எழுதிட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேஜையின் முன்னால் அவர் சொன்ன முதல் சொந்தக் குறை அது. கிளார்க் பழைய மனுவை அவர் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"உங்க வீட்டு நம்பர் நாற்பத்தேழுதானே சார்? முதல் கையெழுத்தே உங்க வீட்டுலேருந்துதான்."

நடுக்கமான எழுத்து. ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையால் போட்டது. எடிட்டர் அதைப் பார்த்தார், புது மனுவையும் பார்த்தார். அதிலும் முதலாவதாக அதே எழுத்துதான் இருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தார்.

"பஸ் வேண்டாம்கிற மனுவுல நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"படிக்காமப் போட்டுட்டே, இல்ல?"

"படிச்சேனே. நீங்க எழுதறதை நான் படிக்காம இருந்திருக்கேனா? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

"உன் பஸ்ஸும்மா அது! தெரிஞ்சுமா போட்டே?"

அவள் ஒரு சட்டையை உதறி, காலரைச் சரிசெய்து மடித்தாள்.

"விடிகாலையில பால் வாங்கப் போவேன், அட்டை வெறுமனே தொங்கிட்டு இருக்கும். நீங்க உக்காந்து உக்காந்து எழுதினது, ஒரு கையெழுத்து இல்லாம. பார்க்கச் சங்கடமா இருக்கும்ங்க. ஒருத்தர் போட்டாத்தான் அடுத்தவங்க போடுவாங்க. அதனால எப்பவும் நான்தான் முதல்ல போடுவேன். எல்லா மனுவுக்கும் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் போடாம விட்டா, உங்களுக்கு யாரும் போடாமப் போயிட்டா?" கொஞ்சம் சிரித்தாள். "அதுவுமில்லாம, நீங்க எழுதி என்னைக்கு எது நடந்திருக்கு? நடந்துடும்னு நான் கண்டேனா?"

எடிட்டருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் அவரைத் தேற்றவில்லை. தேற்றுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு ஆறரைக்கே கிளம்பணும்ங்க," என்றாள் அப்புறம். "டாக்சியெல்லாம் கட்டுப்படியாகாது. நீங்களும் கூட வாங்க. வரும்போது அவ்வளவு தூரம் என்னால தனியா நடக்க முடியல."

ஒன்றரை வருஷமாக அவர் கேட்கத் தவித்த வார்த்தைதான் அது. சரி என்று தலையாட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.